முதல் சாயா யாருக்கு?

செய்தி தொலைபேசியில் வந்தது. நான் அப்போது வீட்டு வாசலில் நின்று பேப்பர்க்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை இணைப்பு வரவில்லை என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது நஸீமா.

"சாரே, அக்கா போயிட்டாங்க" என்றார். அழுகைக்கு நடுவிலேயே தொடர்ந்தார். "மில்லுல மல்லி ஓடிட்டிருக்கு. நிறுத்தணுமா, வேண்டாமா? எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

எனக்கும் ஓடவில்லை. யாரிடம் கேட்கலாம் என்று இரண்டு பேரும் யோசித்தோம். கேட்க வேண்டிய ஆள்தான் போய்விட்டார் என்பது அந்த யோசனையின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. கடைசியில் நஸீமாவே, "பாதியில விட்டா அக்கா திட்டும். அரைச்சு முடிச்சிட்டு நிறுத்தறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். வைப்பதற்கு முன் ஒன்று கேட்டார்: "இனிமே இதெல்லாம் நடக்குமா சாரே, நம்ம இடத்துல?"

அவர் எதைக் கேட்டார் என்று அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில் பழைய இஞ்சிக் கிடங்கு ஒன்றில் நடக்கும் எங்கள் பெண்கள் மசாலாக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் பாக்கியம். உடல் தளரும்வரை அதன் தலைவராக இருந்தார். இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் அவரைத் தமிழ்ச் சங்க விழாக்களில் பார்த்திருப்பீர்கள். மைக்கே தேவைப்படாத குரல், மூக்கு நுனியில் எப்போதும் கொஞ்சம் மஞ்சள்தூள். ஒரு வருடமாக உடல்நலம் இல்லாமல் இருந்தார். தன் இடத்தில் நஸீமாவை உட்கார வைத்துவிட்டுத்தான் படுத்தார். அந்த இடத்தில் பாக்கியம் உண்டாக்கிய ஒரு வழக்கம் அவரோடு போய்விடுமா, தங்குமா என்பதுதான் நஸீமாவின் கேள்வி.

உடல் வீட்டில் கிடத்தப்பட்டிருந்தபோது திருநெல்வேலியிலிருந்து வந்த அவருடைய உறவுக்காரர்கள் எங்களைக் கொஞ்சம் விரோதமாகத்தான் பார்த்தார்கள். காரணம், சங்கத்துப் பெண்கள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, தான் மிளகாய்த்தூளுக்குப் பதிலாகப் பாக்கெட்டில் செங்கல் நிறக் கோலப்பொடியை நிரப்பிய கதையைச் சொன்னாள். இன்னொருத்தி பெருங்காயத்தைப் பழங்காலத்துப் பிசின் என்று நினைத்த ஒரு வெள்ளைக்காரருக்கு அதை முகர்ந்து பார்க்கக் கொடுத்த கதையைச் சொன்னாள். எல்லாமே அவரவர் செய்த தப்புகள். "செத்த வீட்டுல என்ன இது?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல், "இது ஒரு மாதிரி மரியாதை" என்றேன். அவர் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையும் சிரிப்புக்குரியதுதான். ஏலூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வீட்டுச் சமையலறை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டி வரிசைப்படுத்தினேன். இரண்டாவது முறை வேறு வரிசையில் வைத்தேன். மூன்றாவது முறை ஆரம்பித்தபோது என் மனைவி விசாலம், "ஏன்னா, இன்னொரு தடவை என் கடுகு டப்பா மேல கை வச்சேள்னா நான் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறிடுவேன். மட்டாஞ்சேரி ஜூ டவுன் பக்கம் மசாலாக் கம்பெனியில தரம் பாக்க ஆள் தேடறாளாம். போய் அங்க அடுக்கி வைங்கோ" என்று அனுப்பிவைத்தாள்.

பாக்கியம் என்னைவிட மிகவும் இளையவர். முதல் நாள் நான் அவரை "மேடம்" என்று கூப்பிட்டேன். சுற்றிலும் இருந்தவர்கள் யாரைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார்கள். "மேடம் பாங்கில இருப்பாங்க சாரே, இங்க பாக்கியம்தான்" என்றார் அவர். ஒரு கிண்ணத்தில் தனியாப் பொடியைக் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். முகர்ந்தேன். தும்மினேன். "மூக்கு வேலை செய்யுது. நாளைக்கு வாங்க" என்றார். இவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

மறுநாள் முற்பகலில் தேநீர் வந்தது. தெருமுனைக் கடையிலிருந்து தூக்குப்பாத்திரத்தில் சாயா, தட்டில் ஒரே ஒரு பரிப்புவடை. எல்லோரும் மில்லை நிறுத்திவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். முதல் கிளாஸை ஊற்றி, அதன் பக்கத்தில் வடையை வைத்துவிட்டு பாக்கியம் சுற்றிப் பார்த்தார். "இன்னிக்கு யாருக்கு?"

ஒரு பெண் எழுந்தாள். "எனக்கு. கடுகை வறுக்கறப்போ போன்ல பேசிட்டிருந்தேன். ஒரு சட்டி கருகிப் போச்சு."

"எப்போ?"

"ஒம்பது மணி வாக்குல."

"கருகினது எங்க?"

"தனியா வச்சிருக்கேன்."

"சூப்பர். வா, குடி." அந்தப் பெண் ராணி போல வந்து சாயாவையும் வடையையும் எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். பிறகுதான் எல்லோருக்கும் சாயா.

நான் திகைத்துப் போனேன். நான் இருந்த ஆய்வுக்கூடத்தில் தப்பு நடந்தால் முதலில் கதவுகள் சாத்தப்படும், பிறகு குறிப்பாணைகள் பறக்கும். தப்பைச் செய்தவனுக்கு வடை கொடுத்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. அன்று மாலை தயங்கித் தயங்கி பாக்கியத்திடம் காரணம் கேட்டேன்.

அவர் இளம்வயதில் இதே தெருவில் ஒரு கிடங்கில் இஞ்சி பொறுக்கும் வேலை செய்தவர். அழுகல் இஞ்சி ஒன்று நல்ல மூட்டையில் போய்விட்டால் அங்கே அபராதம். "அதனால என்ன செய்வோம்? தப்பா போட்டத வெளியே எடுக்க மாட்டோம். எடுத்தா மேஸ்திரி பாத்துடுவான்ல? இன்னும் அடியில தள்ளி, மேல நல்ல இஞ்சியப் போட்டு மூடிடுவோம். கடல் தாண்டிப் போன மூட்டை திரும்பி வந்துச்சு. நல்ல இஞ்சியும் சேந்து அழுகி வந்துச்சு. அந்த மேஸ்திரி நல்ல மனுஷன் சாரே. அவனுக்கு யாருமே எதுவும் சொல்லல, அவ்வளவுதான்." பிறகு சிரித்தபடி சொன்னார்: "தப்பு சூடா இருக்கறப்போ சொல்லிடணும். ஆறிடுச்சுன்னா பாக்கெட்டுக்குள்ள போயிடும்."

இந்த வழக்கம் எப்போதும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். வடைக்காகத் தப்புகளைக் கற்பனை செய்பவர்களும் உண்டு. மழை நாளில், வடை மிகவும் சூடாக வந்த ஒரு சமயம், ஒருத்தி எழுந்து, ராத்திரி கனவில் ஜீரகத்தையும் சோம்பையும் கலந்துவிட்டதாகச் சொன்னாள். பாக்கியம் முகம் மாறாமல், "சொப்பனத்துல செஞ்ச தப்புக்குச் சொப்பனத்துல சாயா. உக்காரு" என்றார். இன்னொரு முறை இரண்டு பேர் ஒரே தப்புக்கு உரிமை கொண்டாடிச் சண்டை போட்டார்கள். வடையைப் பிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

நானும் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். என் பழைய பழக்கத்தில், பிழை அறிக்கைப் படிவம் ஒன்று தயாரித்தேன். பிழையின் வகை, நேரம், காரணம், திருத்தம், மேற்பார்வையாளர் குறிப்பு என்று கட்டம் கட்டி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டது. பாக்கியம் அதை மிகுந்த மரியாதையோடு வாங்கிப் படித்தார். "நல்லா இருக்கு சாரே. ஆனா இத நிரப்பி முடிக்கறதுக்குள்ள சாயா ஆறிடும்" என்றார். மறுநாள் அது கடலை மடிக்கும் கூம்பாகியிருந்தது. கடலை எனக்கும் கிடைத்தது.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த அஞ்சலியின் மையம்.

நஸீமா வேலைக்கு வந்த புதிது. பாலக்காட்டு ராவுத்தர் குடும்பத்துப் பெண், மட்டாஞ்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போவதற்கு மாமியாரிடம் பெரும்பாடு பட்டு அனுமதி வாங்கியிருந்தார். ஒரு பிரச்சினை வந்தால்கூட வீட்டோடு இருந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. மில்லில் வேலை கற்றுக்கொண்டிருந்தார். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பதறுவார். அந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

எங்கள் மில் ஒன்றுதான். அதில் இறைச்சி மசாலாவும் அரைப்போம், சாம்பார்ப்பொடியும் அரைப்போம். இறைச்சி மசாலா அரைத்தபின் கொஞ்சம் பச்சரிசியை ஓட்டி மில்லின் வயிற்றைக் கழுவிவிட்டுத்தான் அடுத்ததை அரைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெருஞ்சீரகமும் பட்டையும் கிராம்பும் அடுத்த பொடியில் ஏறிவிடும். அதில் இறைச்சி ஒரு துளியும் இல்லைதான். ஆனால் எங்களூர் மூக்குகளுக்கு அந்த வாசனை வந்தால் இறைச்சி வந்த மாதிரி.

ஒரு நாள் காலையில் திருப்பூணித்துறையில் ஒரு கல்யாணத்துக்குச் சாம்பார்ப்பொடி போயிருந்தது. சமையல் காண்டிராக்ட் எடுத்தவர் அனந்து ஸ்வாமி. மறுநாள் முகூர்த்தம், பந்தியில் பாதிப் பேர் எங்கள் பாலக்காட்டு அக்ரஹாரத்து வகையறா. ஒவ்வொரு முறை அரைத்ததிலும் ஒரு கைப்பிடி என் மேஜைக்கு வரும். நான் கிண்ணத்தைத் திறந்தேன். சோம்பு வாசனை வந்தது. மூடினேன். திறந்தேன். மறுபடியும் வந்தது. பாக்கியத்திடம் போய்ச் சொன்னேன்.

அவர் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். "ஐயோ, நல்லா மட்டன் மணக்குதே!" என்றார். மில் நின்றது. எல்லோரும் கூடிவிட்டார்கள்.

பாக்கெட் பிரிவின் பொறுப்பாளர் சுகந்தி. சங்கத்தின் முதல் நாளிலிருந்து இருப்பவர். அவர் ஒட்டிய லேபிள் ஒரு நூல்கூடச் சாயாது. தப்பே செய்யாதவர் என்பதால் அதுவரை ஒருமுறைகூட முதல் சாயா குடிக்காதவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர் நேராக நஸீமாவைப் பார்த்தார்.

"அரிசி ஓட்டினியா?"

நஸீமா மில்லையும் சுகந்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேக்கறேன்ல? புதுசா வர்றவங்கள மில்லுல விடாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்! கல்யாணச் சோத்துல கை வச்சாச்சு. இனி யாரு நம்மகிட்ட வாங்குவா?"

நஸீமா முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டார். அடுத்த வார்த்தையில் கிளம்பிவிடுவார் என்று தோன்றியது. கிளம்பினால் திரும்பி வர முடியாது என்பது எங்களுக்குத் தெரியும்.

பாக்கியம் அவர் முன்னால் போய் நின்று, கருகிய கடுகுக்காரியிடம் கேட்ட அதே குரலில் கேட்டார். "சாம்பார்ப்பொடி எப்போ அரைக்க ஆரம்பிச்சது?"

"தெரியாது அக்கா." நஸீமா மில்லைக் காட்டினார். "நான் வர்றப்போ மில்லு ஓடிட்டிருந்துச்சு. சாம்பார்ப்பொடிதான் விழுந்திட்டிருந்துச்சு. நான் சாக்க மட்டும் மாத்தினேன்."

"ஓடிட்டிருந்துச்சா? யாரு போட்டா…" என்று ஆரம்பித்த பாக்கியம் பாதியில் நிறுத்தினார். தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். மஞ்சள்தூள் பறந்தது.

"நான்தான்!" என்றார். "விடியக்காலம் நான்தானே வந்து தொறந்தேன். ஸ்வாமி அவசரம்னு சொன்னாருன்னு நானே தட்டிப் போட்டேன். அரிசி ஓட்டல. சத்தியமா ஓட்டல."

விடியற்காலையில் அவர் அங்கே இருந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அப்போது அதைத்தான் யோசித்தேன். அவர் அதை யோசித்ததாகவே தெரியவில்லை. தொலைந்த சாவி கிடைத்தவரைப் போல அவர் முகம் தெளிந்திருந்தது. உடனே அனந்து ஸ்வாமிக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில்.

"ஸ்வாமி, பாக்கியம் பேசறேன். சாம்பார்ப்பொடி வந்துதா?"

"வந்துடுத்து, வந்துடுத்து. இப்பத்தான் சாக்கை அவுக்கறா."

"அவுக்க வேண்டாம்."

"ஏன், உள்ள பாம்பு இருக்கா?"

"பெருஞ்சீரகம் இருக்கு."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு அலறல். "கல்யாணச் சாம்பார்ல சோம்பா! பெண்ணாத்துக்காரா என்னைத் தூக்கி அண்டாவில போட்டுடுவா!"

"உங்களப் போட மாட்டாங்க ஸ்வாமி. அண்டா கொள்ளாது."

ஸ்வாமி கொஞ்சம் பெரிய உடம்புக்காரர். எங்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நஸீமாதான்.

"சிரிக்கிறேளா? யாரு பண்ணின காரியம் இது? அவளைக் கூப்பிடுங்கோ, நான் ரெண்டு வார்த்தை கேக்கணும்."

"கேளுங்க ஸ்வாமி. நான்தான்."

"நீங்களா?"

"நானே. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எல்லாரும் நிக்கறாங்க. நல்லாத் திட்டுங்க."

ஸ்வாமி இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். "இப்படிச் சொன்னா எப்படித் திட்டறது? வாய் வர மாட்டேங்கறதே" என்றார் பரிதாபமாக. "சரி, புதுசு எப்போ வரும், அதைச் சொல்லுங்கோ."

"மத்தியானத்துக்குள்ள. நானே கொண்டு வரேன்."

போனை வைத்துவிட்டு நஸீமாவிடம் திரும்பினார். "நீ போய் அரிசி ஓட்டு. ரெண்டு தடவ ஓட்டு, எனக்காக ஒண்ணு." பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து, "மொதல் சாயா எங்கே? ஆறிப்போச்சா? சாரமில்ல, பரவால்ல, கொண்டா" என்று வாங்கிக் குடித்தார். வடையை மட்டும் இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை மில்லில் நின்ற நஸீமாவுக்குக் கொடுத்தனுப்பினார். சுகந்தியிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகச் சொல்லவில்லை. "சுகந்தி, நீ கேட்டது சரியான கேள்விதான். ஆள்தான் மாறிப்போச்சு" என்றார். சுகந்தி லேபிள்களை அடுக்க ஆரம்பித்தார். காது சிவந்திருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் புதுப் பொடியோடு ஆட்டோவில் என்னையும் ஏற்றிக்கொண்டு திருப்பூணித்துறைக்குப் போனார். ஸ்வாமி அண்டாவின் முன்னால் என்னை நிறுத்தி, "பாலக்காட்டு மூக்குதானே, மோந்து சொல்லும் ஓய்" என்றார். நான் சரி என்றேன். அன்றிலிருந்து ஸ்வாமி வேறு இடத்தில் பொடி வாங்கவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் அவர் சொன்னது இதுதான்: "மத்தவா கிட்ட நான் குத்தத்தைக் கண்டுபிடிக்கணும். இவா அவாளே போன் பண்ணிச் சொல்லிடுவா."

சோம்பு ஏறிய சாம்பார்ப்பொடியை வீணாக்க மனமில்லாமல் எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப்போனோம். கொஞ்ச நாள் எங்கள் வீதிகளில் இது சாம்பாரா, குருமாவா என்ற விவாதம் நடந்தது. விசாலம் அதைப் படியேறவே விடவில்லை. நஸீமாவின் மாமியார் மட்டும் அதில் கத்தரிக்காய் போட்டு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, "இந்த மாதிரிப் பொடி செய்யற இடமா? ஒழுங்கா வேலைக்குப் போ" என்றாராம். அந்த மாதிரிப் பொடியைப் பிறகு அவருக்காக எங்களால் செய்ய முடியவில்லை.

பாக்கியத்துக்கு உடல் தளர்ந்தபோது அடுத்த தலைவர் சுகந்தி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சுகந்தியும் நினைத்திருப்பார். கூட்டத்தில் பாக்கியம் நஸீமாவின் பெயரைச் சொன்னார். எல்லோர் முன்னாலும் காரணத்தையும் சொன்னார். "சுகந்திக்கு என்னவிட வேலை தெரியும். ஆனா அவகிட்ட தப்பே வராது. தப்பே வராதவகிட்ட மத்தவங்க தன் தப்ப எப்படிச் சொல்லுவாங்க? நஸீமா பயந்திருக்கா. பயம்னா என்னன்னு அவளுக்குத் தெரியும்." சுகந்தி எழுந்து, "எனக்குச் சம்மதம்" என்றார். அவர் வேறு எதுவும் பேசவில்லை. அந்தச் சொல் அவருக்கு எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பாக்கியம் போன சில வாரங்களில் ஒரு பெரிய கடைத் தொடரிலிருந்து ஒருவர் எங்கள் இடத்தைப் பார்க்க வந்தார். அவர்கள் சரி என்று சொன்னால் எங்கள் பொடி கேரளம் முழுக்கப் போகும். நஸீமா முந்தின நாளே என்னிடம் வந்து, கை துடைக்கும் துணியைத் திருகிக்கொண்டு நின்றார். வந்தவர் முன்னால் முதல் சாயாவை நடத்தலாமா என்பதுதான் அவர் சங்கடம். சுகந்தி அப்போது அங்கே இருந்தார்.

"வேண்டாம் நஸீமா" என்றார். "ஒரு நாள்தானே. வெளியாள் முன்னாடி நம்ம தப்ப நாமளே வாசிச்சுக் காட்டணுமா? அவருக்கு இதெல்லாம் புரியாது."

"அக்கா இருந்தா என்ன செய்வாங்க சேச்சி?"

"அக்கா சொன்னா எதுவும் செல்லும். நீயும் நானும் சொன்னா செல்லாது."

சுகந்தி சொன்னதில் நியாயம் இருந்தது. நஸீமா என்னைப் பார்த்தார். நான் என் கண்ணாடியைத் துடைத்தேன். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

மறுநாள் வந்தவர் நல்ல சட்டை போட்ட இளைஞர். மில்லைப் பார்த்தார், வறுக்கும் சட்டிகளைப் பார்த்தார், தலையாட்டினார். மாதிரிப் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அந்த நேரம் பார்த்துச் சாயா வந்துவிட்டது. எல்லோரும் பழக்கத்தில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். நஸீமா முதல் கிளாஸை ஊற்றி, வடையை வைத்து, நின்றார். "இன்னிக்கு யாருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

யாரும் எழவில்லை. வந்தவர் என்ன நடக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார். நஸீமா விளக்கினார். "ஓ, அப்ப இன்னைக்கு ஒரு தப்பும் இல்ல!" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அங்கே ஒரு தப்பும் நடக்காத நாள் இருந்ததே இல்லை. அந்த மௌனம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால், மறுநாளும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

"எனக்கு" என்றது ஒரு குரல்.

சுகந்தி எழுந்து நின்றிருந்தார். வந்தவரின் கையில் இருந்த பாக்கெட்டைக் காட்டினார். "அதுல ரசப்பொடின்னு போட்டிருக்கும். உள்ள இருக்கறது மீன் மசாலா. இப்பத்தான் கலரப் பாத்தேன். லேபிள் ஒட்டினது நான்."

வந்தவர் பாக்கெட்டைப் பார்த்தார், சுகந்தியைப் பார்த்தார். ஓரத்தைக் கிழித்து முகர்ந்தார். தொடர்ந்து தும்மினார். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது, கிடங்கே அதிர்ந்தது. பாக்கியத்தின் மறைவுக்குப் பிறகு அந்தக் கூரையின் கீழ் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

நஸீமா சிரிக்கவில்லை. "எப்போ ஒட்டினது சேச்சி?" என்று கேட்டார்.

"காலையில. மொதல் தட்டு."

"ரெண்டாம் தட்டு?"

"அது சரியா இருக்கு. இங்கேர்ந்தே கலர் தெரியுது."

"அப்ப மொதல் தட்டு மட்டும் தனியா எடுங்க. வேனுல ஏத்தியாச்சா?"

"இல்ல."

"சூப்பர். வாங்க, குடிங்க."

சுகந்தி போய்ச் சாயாவை எடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "இத்தன வருஷமா இதுக்கா இவ்வளவு அடிபிடி? சர்க்கரையே இல்ல" என்றார். கைதட்டல் ஓய நேரம் ஆயிற்று. அந்தக் கடைத் தொடர் எங்களிடம் வாங்குமா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை. வந்தவர் போகும்போது அந்த மீன் மசாலாப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நஸீமா என்னிடம் போனில் கேட்ட கேள்வியைப் பிறகு கேட்கவில்லை.

என்னிடம் மிஞ்சியது என்ன என்று சொல்லி முடிக்க வேண்டும். பாக்கியத்தைக் கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது நான் ஒன்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் "அப்படி இல்லையோ என்னமோ" என்று சேர்த்தேன். நான் எதைச் சொன்னாலும் அப்படித்தான். அவர் சிரித்தார். "சாரே, உங்க மொத வாக்கியம் எப்பவும் சரியா இருக்கும். ரெண்டாவது வாக்கியம் உங்க பயம் பேசறது. நான் இத்தன நாளும் மொதலாவத மட்டும்தான் கேட்டுட்டிருந்தேன்" என்றார்.

அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் பல வாக்கியங்களுக்குப் பின்னால் 'என்று நினைக்கிறேன்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்துவிட்டேன். ஓரிரண்டு தப்பியிருக்கலாம். கடைசியாக எழுதப்போகும் வாக்கியத்துக்குப் பின்னால் எதையும் சேர்க்கப்போவதில்லை.

பாக்கியம் தலைமை தாங்கிய இடத்தில் என்னைப் போன்றவர்களால் பேச முடிந்தது.